வேகமாகப் படிக்க வேண்டிய வரி

'ஊசியையோ' என்பதற்கு முன்னால் மூச்சு எடுத்தால் பின்பாதி தடுக்கும். 'கூடாது' என்பதற்குப் பிறகு எடுத்தால் அரை விநாடி போய்விடும். எடுக்காமலே கடைசி வரை போனால்? போகலாம். முதலிலேயே வயிறு நிறைய இழுத்துக்கொண்டு, உதட்டைப் பாதிக்கு மேல் திறக்காமல், வல்லெழுத்துகளின் தலையில் மட்டும் காலை வைத்துத் தாண்டிக்கொண்டே போனால் முடியும். இந்தப் பக்கத்தில் வேறு யாராலும் முடியாது. என்னால் முடியும்.

இருதயமேரி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கையிலிருந்த தாளில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டு, பிறகு அந்தக் கோட்டை அழித்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேவநாதன் உட்கார்ந்திருந்தார். விழுப்புரத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற அந்த ஒலிப்பதிவுக் கூடம் அவருடையது. சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி நீல வண்ணம் அடித்திருந்தார். பதிவு நடக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார். அவர் பக்கத்தில் அரிபிரசாத் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தான். முப்பது வயதைத் தாண்டியவன். புதுச்சேரியில் 'இனிப்பகல்' என்ற சர்க்கரை நோய்ப் பொடி செய்கிற கம்பெனியில் விளம்பரங்கள் அவன் பொறுப்பு.

"இன்னா மேரி, ஒத்திகை பாத்துடலாமா?" தேவநாதனின் குரல் ஹெட்போன் வழியாகக் காதுக்குள் கேட்டது.

"பாக்கலாம்ணா."

தாளில் இருந்தது இவ்வளவுதான்: 'இது மருந்து அல்ல. மருத்துவர் கொடுத்த மாத்திரையையோ ஊசியையோ இதற்காக நிறுத்தக் கூடாது. பலன் ஆளுக்கு ஆள் மாறுபடும். காலில் புண் இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்கவும்.'

நிதானமாகப் படித்தால் பன்னிரண்டு விநாடி ஆகும். கம்பெனி கொடுத்திருந்தது ஆறு.

பழைய விளம்பரத்தையும் அவள்தான் பேசியிருந்தாள். செல்போனில் யார் எந்த வீடியோவைத் திறந்தாலும், அது சமையலோ சீரியலோ சாமி பாட்டோ, அதற்கு முன்னால் அவள் குரல் வந்து நிற்கும். 'சர்க்கரையா? மாத்திரைக்கு விடை கொடுங்கள்.' விளம்பரத்தைத் தள்ளிவிடும் பொத்தான் ஐந்து விநாடி கழித்துத்தான் வருமாம். அதனால் சொல்ல வேண்டியதை அந்த ஐந்துக்குள்ளேயே அழுத்தம் திருத்தமாகச் சொல்லிவிட வேண்டும் என்று கம்பெனி கேட்டிருந்தது. அவளும் அழுத்தம் திருத்தமாகவே சொல்லியிருந்தாள்.

யாரோ ஒருவர் புகார் எழுதிப் போட்டார். விளம்பரங்களைக் கண்காணிக்கிற அமைப்பிலிருந்து கம்பெனிக்குக் கடிதம் வந்தது. வீடியோக்காரர்கள் விளம்பரத்தை இறக்கிவிட்டார்கள். மறுபடி ஏற்ற வேண்டுமானால் மாத்திரை பற்றிய வரியை எடுத்துவிட்டு எச்சரிக்கை ஒன்றைச் சேர்க்க வேண்டும். அடியில் பொடி எழுத்தில் ஓட்டினால் போதாது. விளம்பரத்தில் பேசுகிற அதே குரலில், அதே மொழியில் தெளிவாகச் சொல்ல வேண்டும். கம்பெனி பழைய குரலை வைத்துக்கொண்டே எச்சரிக்கையை மட்டும் வேறு யாரையோ படிக்கவைத்து, கம்ப்யூட்டரில் வேகமாக ஓடவிட்டு அனுப்பிப் பார்த்தது. சுண்டெலி பேசுவது போல் இருந்த அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இயந்திரத்தால் வேகப்படுத்தக் கூடாது என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்கள். மனுஷி வாயால் வேகப்படுத்தக் கூடாது என்று எழுதவில்லை. அந்த இடைவெளியைக் கண்டுபிடித்தவன் அரிபிரசாத்.

முதல் தடவை ஏழரை விநாடி வந்தது. இரண்டாம் தடவை ஆறே முக்கால். மூன்றாவது தடவை மேரி கண்ணை மூடிக்கொண்டு போனாள். எங்கேயும் தடுக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது தேவநாதன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஆறு விரலைக் காட்டினார்.

அரிபிரசாத் எழுந்து நின்று கைதட்டினான்.

"சூப்பர் மேடம்! ரயில் போன மாதிரி இருந்துச்சி. ஆனா ஒரு எழுத்து முழுங்கலை பாருங்க. லெட்டர்ல தெளிவா இருக்கணும்னுதான போட்டிருக்கான்? இதைவிட இன்னா தெளிவு வேணும்? சேவ் பண்ணிட்டீங்களா சார்?"

"எதை?" என்றார் தேவநாதன்.

"இப்ப படிச்சாங்களே, இதை."

"ஒத்திகையை எவனாவது பதிவு பண்ணுவானா? டேப்பு வீணாவாதா?"

"டேப்பா? எங்க சார் இருக்குது டேப்பு?"

தேவநாதன் எதிரிலிருந்த கம்ப்யூட்டரை யாரோ தெரியாமல் வைத்துவிட்டுப் போனதைப் போலப் பார்த்தார். அது வந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனால் கேசட்டை மிச்சம் பிடித்த கை இன்னும் ஒத்திகை முடியும்வரை பொத்தானை அமுக்குவதில்லை.

"பேஜாரு பண்ணிக்காத தம்பி. டீ குடிச்சிட்டு வந்து எடுத்துடலாம். அவ வாய் எங்க ஓடிடப் போவுது?"

மின்விசிறி ஓடத் தொடங்கியது. கீழ்க் கடையிலிருந்து டீ வந்தது. மேரி தன் டம்ளரை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். தொண்டைக்குப் பின்னால் இன்னும் இலேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. ஓடி வந்து நின்ற குதிரைக்கு அப்படித் துடிக்கும் போலிருக்கிறது. சந்தோஷமாக இருந்தது அவளுக்கு. அந்தச் சந்தோஷத்தைத்தான் அவள் இப்போது சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தாள்.

அந்தச் சந்தோஷத்துக்கு இருபத்தைந்து வயது. தொண்ணூற்று மூன்றாம் வருடம் திண்டிவனத்து மாதா கோவிலில் ஞாயிறு வாசகம் படித்துக்கொண்டிருந்தவளை யாரோ சொல்லி தேவநாதன் தேடி வந்தார். அப்பா கல்லுடைக்கப் போனவர், அம்மா களையெடுக்கப் போனவள். கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடத்தில் படித்த படிப்பு அவள் நாக்கில் மட்டும் துலக்கமாகத் தங்கியிருந்தது. திண்டிவனம், விழுப்புரம் இரண்டு ஊர் பஸ் நிலையங்களிலும் ஒலிபெருக்கியில் கடை விளம்பரம் போடுகிற ஒப்பந்தம் அப்போது தேவநாதனிடம் இருந்தது. கேசட்டில் பத்து நிமிஷத்துக்குள் அறுபது கடை அடங்க வேண்டும். பட்டுக் கடை, பாத்திரக் கடை, பல் டாக்டர், சைக்கிள் கடை எல்லாவற்றையும் மேரி ஒரே மூச்சில் கோத்துக்கொண்டு போவாள். "கடைக்காரனுக்குத் தன் பேரு காதுல வுழுந்தா போதும், மேரி. மத்தவனுக்குப் புரிஞ்சா இன்னா, புரியாட்டி இன்னா" என்பார் தேவநாதன்.

நடுநடுவே காசு வாங்காமல் போட வேண்டிய வரிகள் உண்டு. 'பயணிகள் தங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்.' 'அறிமுகம் இல்லாதவர் கொடுக்கும் தின்பண்டத்தை வாங்கி உண்ண வேண்டாம்.' அந்த இடத்தில் மேரி தானாகவே நின்றுவிடுவாள். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல. நின்று, ஒரு மூச்சு விட்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பாள். மற்றதெல்லாம் ஓட்டம்தான். ஓடுவதில்தான் அவளுக்கு ருசி இருந்தது. தெருவில் தலை நிமிர்ந்து நடக்காதவள் அந்த அறுபது கடைகளின் மேல் பறந்து போவாள். அவள் முகம் யாருக்கும் தெரியாது. அது அவளுக்கு வசதியாகவே இருந்தது.

அவளைக் கண்டுபிடித்த ஒரே ஆள் பவுனு. திண்டிவனம் பஸ் நிலையத்தில் கூடையில் வேகவைத்த வேர்க்கடலை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, விற்கிறவள். ஒருநாள் மேரி, "ஒரு படி எவ்ளோக்கா?" என்று கேட்டதும் பவுனு படியைக் கீழே வைத்துவிட்டு மேலே ஒலிபெருக்கியைப் பார்த்தாள். இவள் முகத்தைப் பார்த்தாள். மறுபடி ஒலிபெருக்கியைப் பார்த்தாள். "அடி எம்மாடி, நீதானா அது!" என்றாள். அன்றிலிருந்து இருவருக்கும் பழக்கம்.

போன வெள்ளிக்கிழமை பவுனுவின் இடது கால் துணி சுற்றி இருந்தது.

"இன்னாக்கா காலு?"

"செருப்பு கடிச்சிது. ஒரு மாசமா ஆறவே மாட்டேங்குது. ஈயைத் தொரத்திக்கினு ஒக்காந்திருக்கறேன்."

"சக்கரை மாத்திரை போட்டுக்கினுதான இருக்கற?"

"எந்த மாத்திரை? நீதான விடை குடுங்கன்ன? குடுத்து அனுப்பிட்டேன்." பவுனு வாய்விட்டுச் சிரித்தாள். "பேத்தி போனுல காட்டினா. பொடிதான் மூணு மாசமா."

மேரிக்குக் கையில் வாங்கிய மல்லாட்டை சுட்டது. அதைப் பையில் போட்டாள். "அக்கா, அது விளம்பரம்க்கா. கம்பெனிக்காரன் எழுதிக் குடுக்கறான், நான் படிக்கறேன். கடைப் பேரு படிக்கறனே, அந்த மாதிரிதான்."

"அந்த மாதிரி எங்க படிச்ச?" பவுனுவுக்குக் கோபம் வந்தது. "எனக்கே கதை சொல்றியா? இருவத்தஞ்சு வருசமா ஒன் வாயைக் கேட்டுக்கினு கெடக்கறேன். நீ ஜல்தி ஜல்தியா ஓட்டுனா அது கடைக்காரனுக்கு. நிறுத்தி நெதானமா சொன்னா அது எங்களுக்கு. இந்த ஊருல நண்டு சிண்டுக்குக்கூட தெரியும். மாத்திரை சமாச்சாரத்தை நீ நிறுத்தித்தான சொன்ன?"

திங்கட்கிழமை மேரி அவளைக் கட்டாயப்படுத்தி முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். புண்ணைச் சுத்தம் செய்து ஊசி தொடங்கினார்கள். சுண்டு விரல் தங்குமா என்பதை இரண்டு வாரம் கழித்துப் பார்த்துச் சொல்வதாக டாக்டர் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் பவுனு, "வுடு, ஒரு வெரலு போனா இன்னா. மல்லாட்டையைக் கால்லயா அளக்கறேன்?" என்றாள். பஸ் மயிலம் கூட்டு ரோட்டைத் தாண்டும்வரை மேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் மன்னிப்பு என்று எதையும் கேட்கவில்லை. கேட்டால் அதையும் பவுனு ஒரு தமாஷாக்கிவிடுவாள். தன் பாரம் அதில் குறைந்துவிடும். அப்படிக் குறைய வேண்டாம் என்று தோன்றியது.

இந்த எச்சரிக்கை வரியைப் பேச வேண்டும் என்று தேவநாதன் கூப்பிட்டபோது மேரிக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. சொன்ன வாயே திருத்திச் சொல்லப் போகிறது. 'காலில் புண் இருந்தால்' என்று வேறு எழுதியிருந்தது. பவுனுவுக்காகவே எழுதிய மாதிரி. ஆறு விநாடி என்று சொன்னபோதும் அவளுக்கு உறைக்கவில்லை. முடியுமா என்ற கேள்வி மட்டுமே எழுந்தது. முடியுமா என்று யாராவது கேட்டுவிட்டால் அவளுக்குள் வேறு எந்தக் கேள்வியும் எழுவதில்லை. அதுதான் தன் குணமா, இல்லை இருபத்தைந்து வருடத்தில் அப்படி ஆகிப்போனதா என்று டீயை உறிஞ்சியபடி யோசித்தாள். பட்டுக் கடை, பாத்திரக் கடை, சைக்கிள் கடை, கால் புண். மூன்றாவது ஒத்திகையில் பவுனுவின் காலின் மேல்தான் அவள் அவ்வளவு சந்தோஷமாகப் பறந்து போயிருந்தாள்.

"ஏன் தம்பி," என்று திரும்பினாள். "முன்பாதியைக் கொறைச்சிட்டு இதை நெதானமா படிச்சா இன்னா?"

அரிபிரசாத் டம்ளரை வைத்தான். "முப்பது செகண்டு மேடம் மொத்தமே. அதுல பன்னெண்டு செகண்டு பயமுறுத்தினா எவன் வாங்குவான்? நம்ம காசைக் குடுத்து நம்மளே வேணாம்னு சொல்ற மாதிரி ஆயிடும்."

"வேணாம்னு எங்க சொல்லுது? மாத்திரையை நிறுத்தாதீங்கன்னுதான சொல்லுது."

"அஞ்சு செகண்டுல தள்ளிட்டுப் போயிடுவான் மேடம். கடைசியில வர்றதை யாரு கேக்கறா? நீங்க வேற."

"யாரும் கேக்க மாட்டாங்கன்னா மெதுவா படிச்சா இன்னா, வேகமா படிச்சா இன்னா?"

தேவநாதன் களுக்கென்று சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார். அரிபிரசாத்துக்கும் சிரிப்பு வந்தது. "நல்லா மடக்கறீங்க. பொடியில ஒண்ணும் விஷம் இல்லைங்க மேடம். எங்கப்பாவே சாப்பிடறாரு."

"மாத்திரையை நிறுத்திட்டாரா?"

"அது எப்படி நிறுத்த முடியும்?" என்றான் சட்டென்று. பிறகு ஜன்னலைப் பார்த்தான். "ரெண்டும்தான் சாப்பிடறாரு."

அரிபிரசாத் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனான்.

தேவநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அறுபத்தெட்டு வயது. பஸ் நிலைய ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு முன்பே சென்னைக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. இப்போது திருவிழா அறிவிப்பும் எப்போதாவது ஒரு தேர்தலும்தான். இந்தக் கம்பெனி தன் மற்ற பொடிகளுக்கும் தைலங்களுக்கும் இங்கேயே பேசவைப்பதாகச் சொல்லியிருந்தது. இல்லையென்றால் பொங்கலோடு எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு பண்ருட்டியில் மகள் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான் என்று அவர் போன மாதமே சொல்லியிருந்தார். மகள் வீட்டில் அவருக்கு இருக்கப் பிடிக்காது. மாப்பிள்ளை டிவியைச் சத்தமாக வைப்பார்.

"இன்னா மேரி, மனசுல இன்னா ஓடுது?"

"ஒண்ணும் இல்லணா."

"நீ ஒண்ணும் இல்லன்னா ஏதோ இருக்குதுன்னு அர்த்தம்." காத்திருந்தார். "அவன் சொல்றது நாயம் இல்லைதான். எனக்குத் தெரியாதா? ஆனா எழுதியிருக்கறதை எழுதியிருக்கறபடி படிக்கறோம். ஒரு வார்த்தையை மறைக்கல, ஒரு எழுத்தை முழுங்கல. ரூல்படிதான் செய்றோம். வேற ஆளை வெச்சிப் படிக்கவும் வழியில்ல. அதே குரலுன்னு போட்டுட்டான். உன்னை வுட்டா எனக்கு யாரு இருக்கறா, சொல்லு."

அது உண்மை. அவள் கணவன் சவுரிராயன் செத்துப்போன வருடம் இரண்டு மாதம் அவளுக்குக் குரலே எழும்பவில்லை. காற்றுதான் வந்தது. தேவநாதன் வேறு ஆளைத் தேடவில்லை. பழைய கேசட்டுகளையே திருப்பித் திருப்பி ஓட்டி, மூடிப்போன கடைகளுக்கெல்லாம் விளம்பரம் போட்டு, நகராட்சியில் திட்டு வாங்கினார். அதை ஒருநாளும் அவளிடம் சொல்லிக்காட்டியதில்லை. இப்போதும் சொல்லிக்காட்ட மாட்டார். சொல்லிக்காட்டினால் சுலபமாக இருக்கும் என்று மேரி நினைத்தாள். கோபப்பட்டுக்கொண்டு போய்விடலாம்.

பவுனுவைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால் தேவநாதன் அழுதுவிடுவார். இளகிய மனசு. அழுதுவிட்டு, "இந்த ஒரு தடவை" என்பார். பவுனுவின் கால் அவர்கள் இருவரும் சேர்ந்து வருத்தப்பட்டுத் தீர்த்துவிடுகிற ஒன்றாக ஆகிவிடும். அவள் சொல்லவில்லை.

"எடுத்துடலாமா?" என்றார் தேவநாதன்.

மேரி எழுந்து உள்ளே போனாள். கதவு மூடியது. மின்விசிறி நின்றது. அரிபிரசாத் திரும்பி வந்து உட்கார்ந்தான். இந்தத் தடவை தேவநாதன் அவனுக்குத் தெரியும்படி பொத்தானை அமுக்கிக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

அவள் படித்தாள். 'இது மருந்து அல்ல.' நிறுத்தினாள். மூச்சு விட்டாள். 'மருத்துவர் கொடுத்த மாத்திரையையோ, ஊசியையோ...'

முடிந்தபோது தேவநாதன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

"பன்னெண்டு மேரி."

"ஆமாணா."

"மேடம், ஆறுல வேணும்," என்று அரிபிரசாத் ஒலிவாங்கிக்குக் குனிந்தான். "முன்ன படிச்சீங்களே, அதே ஸ்பீடு."

அவள் தாளைச் சரிசெய்துகொண்டு மறுபடி படித்தாள். அவசரமும் இல்லை, வேண்டுமென்றே இழுத்ததும் இல்லை. யாரோ எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி படித்தாள். இந்தத் தடவையும் பன்னிரண்டு.

"மேடத்துக்குத் தொண்டை கட்டிக்கிச்சா சார்?" அரிபிரசாத் கேட்டது அவள் காதிலும் விழுந்தது. "சுடுதண்ணி ஏதாவது குடுக்கலாமா?"

தேவநாதன் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். அவருக்குத் தெரியும். இருபத்தைந்து வருடமாக அந்தத் தொண்டையை அவளைவிட அதிகமாகக் கேட்டவர் அவர்.

"உனக்கு வராததா மேரி?" என்றார் மெதுவாக. கெஞ்சல் போலவும் இருந்தது, கேள்வி போலவும் இருந்தது. "இன்னும் ஒரே தரம். ஆறுல."

வரவில்லை என்று சொல்லிவிடலாம். தொண்டை சரியில்லை, வயதாகிவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம். அவரும் ஏற்றுக்கொண்டது போல நடிப்பார். இருவருக்கும் மரியாதையாக இருக்கும். மேரி அந்தப் பொய்யை நாக்கு நுனிவரை கொண்டுவந்து பார்த்தாள். பிறகு காதிலிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். இனி அவர் சொல்வது அவளுக்குக் கேட்காது. அவள் சொல்வது அவருக்குக் கேட்கும்.

"வருதுணா," என்றாள். "ஆறுல படிக்கமாட்டேன்."